நூறு என்று எழுதிய பெட்டியில் தொண்ணூற்றேழு

என் மருமகள் சென்ற ஐப்பசியில் இணையக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்த எண் பெட்டியை, நான்கரை வயதுப் பேத்தியோடு தரையில் உட்கார்ந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். விதை, கல், சோழி முதலிய இயற்கைப் பொருள்களைக் கொண்டு குழந்தைக்கு எண்ணக் கற்றுத்தரும் பெட்டி அது. விலை 1,850 ரூபாய். கூரியர் கட்டணம் தனி. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 31 ஆண்டுகள், அவற்றில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும், பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போதே குறை காணும் கண்ணோடுதான் பிரித்தேன் என்பதையும், ஊரில் சாக்கில் கட்டித் தூக்கிப்போடும் புளியங்கொட்டையைக் காசு கொடுத்து வாங்குவதா என்ற எரிச்சல் இருந்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. கிட்டத்தட்ட இதே பொருள்களை உள்ளே வைத்த பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. நான் சொல்லும் நிறைகுறைகள் அவற்றில் சிலவற்றுக்கேனும் பொருந்தக்கூடும்.

மூடியுள்ள மரப்பெட்டிக்குள் ஆறு துணிப் பைகள் இருந்தன. உடன் வந்த தாளின்படி அவற்றில் புளியங்கொட்டை 100, மஞ்சாடி 50, கூழாங்கல் 20, சோழி 20, கழற்சிக்காய் 10, 'சிவப்பு விதைகள்' 30. இவற்றோடு பத்துக் குழிகள் கொண்ட ஒரு மரத்தட்டு, வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசைக் கட்டங்கள் உள்ள ஒரு சட்டம், 1 முதல் 20 வரையிலான எண் அட்டைகள் ஆகியவையும் இருந்தன. மரவேலை நேர்த்தியாக இருக்கிறது. விளிம்புகள் நன்றாகத் தேய்க்கப்பட்டிருப்பதால் கையில் சிராய் ஏறவில்லை. கற்கள் கழுவிக் காயவைத்தவை. சோழிகளில் உடைந்தது எதுவும் இல்லை.

வந்த அன்றே புளியங்கொட்டைகளை எண்ணிப் பார்த்தோம். பேத்திக்கு நூறு வரை வாயால் சொல்லத் தெரியும்; பாலர் வகுப்பில் பாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பொருளைத் தொட்டு எண்ணும்போது இருபதைத் தாண்டினால் தடம் மாறிவிடும். அதனால் அந்தச் சட்டத்தில் கட்டத்துக்கு ஒன்றாகப் பத்துக் கொட்டைகளை வைத்து, நிறைந்ததும் ஒரு சிரட்டையில் கொட்டி, மீண்டும் சட்டத்தை நிரப்பி, இப்படியே ஒன்பது சிரட்டைகள் நிறைந்தபின் பத்தாவது முறை மூன்று கட்டங்கள் காலியாக நின்றன. நூறு என்று எழுதிய பையில் 97 தான் இருந்தது. வாடிக்கையாளர் என்ற முறையில் இது குறைதான்; ஆனால் இந்த ஆறு மாதங்களில் நடந்த மிக நல்ல கணக்குப் பாடம் அந்த மூன்று காலிக் கட்டங்களிலிருந்துதான் கிடைத்தது என்பதால் கடைக்காரர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. நூறுக்கு இன்னும் எத்தனை வேண்டும் என்பதை யாரும் கேட்காமலே அவள் விரலை வைத்துச் சொன்னாள். 'தொண்ணூற்றேழு' என்று நான் சொன்னதும், "தொண்ணூறுல ஏன் ஆச்சி நூறு வருது?" என்று கேட்டாள். இருபது, முப்பது, நாற்பது என்று பத்துகளின் எண்ணிக்கையைத் தன் பெயரிலேயே சொல்லிக்கொண்டு வரும் தமிழ், எண்பதைத் தாண்டியதும் அந்த ஒழுங்கை விட்டுவிட்டு அடுத்த நூறின் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. ஒன்பதும் அப்படியே, பத்துக்கு முன்பே 'பது' என்று முடிகிறது. ஒன்பது சிரட்டைகள் கண்முன்னே இருந்ததால் பெயர் எப்படி இருந்தாலும் பத்துகள் ஒன்பதுதான் என்று காட்ட முடிந்தது.

பெட்டியின் உண்மையான பெறுமானம் பைகளுக்குள் இருக்கும் பொருள்களில் இருக்கிறது. பாடநூலில் அச்சிட்ட ஐந்து மாம்பழங்களை எண்ணும் குழந்தை, எண்ணியதையும் எண்ணாததையும் பிரித்து வைக்க முடியாது. ஒரே பழத்தை இருமுறை தொடும், ஒன்றை விட்டுவிடும், விட்டது அதற்குத் தெரியாது. கொட்டையாக இருந்தால் எண்ணியதை ஒதுக்கித் தள்ளலாம். இந்த ஒதுக்கும் பழக்கம் வரும்வரை ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் நிலைப்பதில்லை என்பதை வகுப்பறையில் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அடுத்த படி இன்னும் நுட்பமானது. பேத்தி ஏழு சோழிகளைத் தவறின்றி எண்ணி முடிப்பாள், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், 'ஏழு' என்று சொல்லாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள். கடைசியாகச் சொன்ன எண்தான் கூட்டத்தின் அளவு என்பது அவளுக்கு அப்போது பிடிபடவில்லை. சிறுவர்கள் எண்ணக் கற்பதை ஆராய்ந்து 1978இல் அதன் அடிப்படை விதிகளை வகுத்துக் கூறிய ரோஷல் கெல்மனும் கேலிஸ்டலும் இதைத் தனி விதியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இது தெளிவானது கார்த்திகை முடிவில்; கையில் அள்ளிய மஞ்சாடியை எண்ணிவிட்டு, முஷ்டியை மூடிக்கொண்டு, உள்ளே எத்தனை என்று எனக்கே அவள் புதிர் போட்ட நாளில்.

ஒன்றுபோல் ஒன்று இல்லாத பொருள்கள் என்பதும் முக்கியம். நெகிழி மணிகளும் வண்ணக் கட்டைகளும் ஒரே அளவில், ஒரே எடையில் வருவதால் எண்ணிக்கை கூடும்போது குவியலும் கூடும். குழந்தை எண்ணாமல் குவியலைப் பார்த்தே விடை சொல்லிவிடும். கூழாங்கல்லும் மஞ்சாடியும் அந்தக் குறுக்கு வழியை அடைத்துவிடுகின்றன. ஐந்து பெரிய கற்களையும் எட்டு மஞ்சாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று கேட்டபோது, பேத்தி தயங்காமல் கற்களைக் காட்டினாள். சோழிகளை நெருக்கி ஒரு வரிசையும் அதே எண்ணிக்கையில் பரப்பி ஒரு வரிசையும் வைத்தால் நீளமான வரிசையையே அதிகம் என்பாள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே காட்டிய சோதனைதான் இது. நான்கு வயதில் இப்படிச் சொல்வது இயல்பு, திருத்தி மிரட்ட வேண்டியதில்லை. நான் செய்ததெல்லாம் ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஒரு மஞ்சாடியை வைக்கச் சொன்னதுதான். மூன்று மஞ்சாடிகளுக்குக் கல் கிடைக்கவில்லை. அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத் தன் தட்டில் இருந்த பெரிய முறுக்கு இரண்டையும் தம்பியின் தட்டில் இருந்த சின்ன முறுக்கு மூன்றையும் பார்த்து, "அவனுக்குத்தான் ஜாஸ்தி, ஆனா எனக்குத்தான் நிறைய" என்றாள். இந்த வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் கரும்பலகையில் எழுதியதில்லை.

இனி மரத்தட்டு. பெட்டியின் விலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போயிருக்கும். பெட்டியில் மிகக் குறைவாகப் பயன்பட்டதும் இதுதான். பத்துக் குழிகளின் ஓரத்தில் 1 முதல் 10 வரை எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன, அது சரி. ஆனால் ஒவ்வொரு குழிக்குள்ளும் அந்த எண்ணுக்குரிய புள்ளிகளையும் வரைந்திருக்கிறார்கள். குழந்தை புள்ளிக்கு ஒரு கொட்டை வைத்து மூடிவிட்டால் விடை சரியாக வந்துவிடும். எண்ண வேண்டிய தேவையே இல்லை. பேத்தி முதல் நாளே முழுத் தட்டையும் பிழையின்றி நிரப்பினாள், ஒரு எண்ணைக்கூட உச்சரிக்காமல். குழிகள் எல்லாம் ஒரே அளவு என்பதால் பத்தாம் குழியில் பத்துக் கூழாங்கற்கள் கொள்ளவும் இல்லை. ஏழாவது கல்லிலேயே நிறைந்துவிடுகிறது.

உடன் வந்த தாள் இதை மாண்டிசோரி முறை என்று சொல்கிறது. மரியா மாண்டிசோரி வடிவமைத்த கதிர்க்குச்சிப் பெட்டியை நான் ஒரு பயிற்சி முகாமில் கையாண்டிருக்கிறேன். அதில் புள்ளிகள் இல்லை. 0 முதல் 9 வரை எண்ணிட்ட பத்து அறைகளும், அந்தந்த எண்ணுக்கு ஏற்ப வைக்கச் சரியாக 45 குச்சிகளும் உண்டு. எங்கேனும் ஒரு குச்சி கூடுதலாக வைத்துவிட்டால் கடைசி அறைக்கு வரும்போது ஒன்று குறையும். பிழை நடந்தது என்பதை ஆசிரியர் சொல்லாமல் பொருளே சொல்லிவிடும். பூஜ்யம் என்ற அறை காலியாகவே நிற்கும். 'ஒன்றும் இல்லை' என்பதற்கும் ஓர் இடம் உண்டு என்று குழந்தை அங்கேதான் பார்க்கிறது. இந்தத் தட்டில் பூஜ்யம் இல்லை, குறைந்தால் கூடினால் காட்டும் கணக்கும் இல்லை. 1939இல் அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்த நாட்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த ஒருவரின் பெயரை விளம்பரத்தில் எடுத்துக்கொள்பவர்கள் அவருடைய பெட்டியை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்கலாம். நான் தட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை விதைகள் உருளாமல் இருக்கும் பலகையாகப் பயன்படுத்துகிறேன்.

எண் அட்டைகளைப் பற்றி ஒரு சொல். முன்பக்கம் 1, 2, 3 என்றும் பின்பக்கம் ௧, ௨, ௩ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ் எண்களின்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் உயிரெழுத்துகளை அப்போதுதான் எழுதிப் பழகும் குழந்தைக்கு ௮ என்பது 'அ', ௨ என்பது 'உ', ௭ என்பது 'எ', ௧ என்பது 'க'. பேத்தி எட்டாம் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு "அம்மாவுக்கு வர்ற அ" என்றாள். அவள் சொன்னதில் பிழை இல்லை. பத்தை ௧௦ என்று அச்சிட்டிருப்பதும் பிற்கால வழக்கம். பழைய முறையில் பத்துக்கு ௰ என்ற தனிக் குறியீடு இருந்தது. எட்டு வயதில் காட்டினால் இதெல்லாம் சுவையான செய்தி. நான்கு வயதுக்குரிய பெட்டியில் இது பெற்றோரை மகிழ்விக்க வைத்தது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பெட்டியை யார் வாங்கினாலும், வேறெதைப் படிக்காவிட்டாலும், ஆறாவது பையைப் பற்றி நான் சொல்வதைப் படிக்க வேண்டும். 'சிவப்பு விதைகள்' என்று பெயர் எழுதியிருந்த பையில் இருந்தவை குன்றிமணிகள். சிவப்பு உடலும் ஒரு முனையில் கருப்புப் பொட்டும் உள்ள விதை. விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கப்படுவது என்பதால் நம்மில் யாருக்கும் அதைக் கண்டு அச்சம் வருவதில்லை. அதில் உள்ள அப்ரின் என்ற நஞ்சு, உடலின் உயிரணுக்கள் புரதம் உண்டாக்குவதை நிறுத்திவிடக்கூடியது. கடினமான தோல் சிதையாமல் முழுதாக விழுங்கப்பட்ட விதை பல நேரங்களில் அப்படியே வெளியேறிவிடும் என்றாலும், கடித்து மென்றுவிட்டால் ஒரே விதைகூடக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். கோப்பதற்காகத் துளையிட்ட விதையில் அந்தத் தோலின் காவலும் இல்லை. எங்கள் பையில் இருந்தவற்றில் நான்கு விதைகளில் துளை இருந்தது, ஏதோ மாலையிலிருந்து உதிர்ந்தவைபோல. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியவரும்.

மஞ்சாடி வேறு. அதுவும் சிவப்புதான், ஊர்ப்பக்கம் ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வதுண்டு. இந்தப் பெயர் ஒற்றுமைதான் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கக்கூடும். ஆனால் அது பெரியது, தட்டையானது, முழுவதும் ஒரே சிவப்பு, கருப்புப் பொட்டு கிடையாது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று பொற்கொல்லர்கள் பொன் நிறுத்த காலத்தில் இரண்டையும் பிரித்தறியாத வீடு இருந்திருக்காது. இரண்டில் குன்றிமணியைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கடைக்கு மின்னஞ்சல் எழுதினோம். முதலில் வந்த பதிலில், விதைகள் முற்றிலும் இயற்கையானவை, ரசாயனம் கலக்காதவை என்று இருந்தது. இயற்கையானது என்றால் தீங்கற்றது என்று நினைக்கும் இந்த எளிய நம்பிக்கையைத்தான் நான் அஞ்சுகிறேன். ஆமணக்கு விதையும் அரளி விதையும் காட்டாமணக்கும் ரசாயனம் கலக்காதவைதான். இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பிறகு மாற்றாக ஒரு பை மஞ்சாடி அனுப்பினார்கள், பணிவான கடிதத்தோடு. ஆனால் அவர்களுடைய விற்பனைப் பக்கத்தில் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதைகளின் படம் நான் இதை எழுதும் நாள்வரை மாறவில்லை.

பெட்டியின்மேல் '2 வயது முதல்' என்று ஒட்டியிருக்கிறார்கள். இதையும் ஏற்க முடியாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எல்லாமே வாய்க்குத்தான் போகும். புளியங்கொட்டையும் சீத்தாப்பழ விதையும் மூச்சுக்குழலில் சிக்கி மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளைப் பற்றி எந்தக் காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். மூக்கில் செருகிக்கொண்ட பயறு ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும் என்பது அங்கன்வாடிப் பணியாளர்கள் அனைவருக்கும் தெரிந்தது. இருபது மாதப் பேரன் ஒருமுறை சோழியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். அவனுடைய அமைதியே காட்டிக்கொடுத்தது. அதன்பிறகு அவன் தூங்கும் நேரத்தில் மட்டுமே பெட்டி திறக்கப்படுகிறது, மூடும்போது எண்ணி மூடப்படுகிறது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தப் பெட்டியில் முத்திரை இல்லை. பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு அந்த ஆணையில் விலக்கு உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வயதைக் குறிப்பிடுவதில் கைவினைஞருக்கும் விலக்கு இருக்கக் கூடாது.

நூறு வரை இட மதிப்பையும் கற்பிக்கலாம் என்று தாள் சொல்வதில் பாதி உண்மை. விதைகளைக் கட்ட முடியாது. வகுப்பில் நாங்கள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவோம். பத்து ஒன்றுகள் ஒரு பத்தாக மாறியதைக் கை உணரும், வேண்டுமானால் கட்டைப் பிரித்து மறுபடியும் பத்து ஒன்றுகளாக்கலாம். இங்கே சிரட்டை அந்த வேலையை ஓரளவு செய்தது. பெட்டியில் பத்துச் சிறு கிண்ணங்களை வைத்திருந்தால் அந்தப் புள்ளிவைத்த தட்டே தேவைப்பட்டிருக்காது.

எங்கள் வீட்டுப் பரணில் என் மாமியார் கொண்டுவந்த பல்லாங்குழி ஒன்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கவே அதை இறக்கினேன். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக வைத்தால் 70, ஆறாக வைத்தால் 84 கொட்டைகள். முழு ஆட்டம் நான்கரை வயதுக்கு அதிகம். ஆகவே ஆளுக்கு மூன்று குழிகளோடு ஆடினோம். அள்ளிய கொட்டைகளைக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவதே ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம்தான். ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் 'பசு' என்று எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறதே, அது நான்கு என்ற அளவை எண்ணாமல் ஒரே பார்வையில் கண்டுகொள்ள வைக்கிறது. எதிராளி கவனிக்கும் முன் எடுக்க வேண்டும் என்ற அவசரம் எந்த அட்டையாலும் வராது. பதினைந்து நாள்களில் அவள் என்னை முந்திக்கொண்டு பசு எடுத்தாள். அதே புளியங்கொட்டைகளை முஷ்டியில் மறைத்து ஒற்றையா இரட்டையா ஆடியபோது, திறந்து இரண்டிரண்டாகப் பிரிக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். பல்லாங்குழி இருக்கும் வீட்டுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. இல்லாதவர்களும், நகரத்து அடுக்ககத்தில் ஒரு புளியமரத்தையோ ஆற்று மணலையோ பார்க்க வழியில்லாதவர்களும் வாங்கலாம். ஆறாவது பையைக் குழந்தையின் கையில் படாமல் அகற்றிவிட்டு, மூன்று வயது முடிந்தபின், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். விதை, சோழி, கட்டச் சட்டம் ஆகியவற்றை மட்டும் 600 ரூபாய்க்கு விற்றால் நானே இன்னொரு பேத்திக்கும் வாங்குவேன்.

பராமரிப்பு பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லை. மார்கழிப் பனியில் துணிப் பைகளில் ஈரம் ஏறியது. தை பிறந்ததும் திறந்தபோது ஆறு புளியங்கொட்டைகளில் வண்டு துளைத்து மாவு கொட்டியிருந்தது. வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, உலர்ந்த வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். அந்துருண்டை போடாதீர்கள், அது நஞ்சு, போதாக்குறைக்கு மிட்டாய்போல வேறு இருக்கும். பங்குனியில் ஊரிலிருந்து புதுப்புளி வந்து கொட்டை நீக்கியபோது, வண்டு தின்ற ஆறையும் முதலிலிருந்தே குறைந்திருந்த மூன்றையும் சேர்த்து எத்தனை எடுக்க வேண்டும் என்று பேத்தியிடம் கேட்டேன். விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு ஒன்பது எடுத்தாள். பிறகு வண்டு மறுபடியும் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, டப்பாவில் இன்னும் ஒரு கைப்பிடியைப் போட்டுக்கொண்டாள்.